குழந்தைக்குக் காது வலி: பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

குழந்தைகள் வெளிநோயாளர் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். மருத்துவர் சொல்லும்போது தலையாட்டிவிட்டு, வெளியே வந்த பிறகுதான் பெரும்பாலான பெற்றோருக்குச் சந்தேகம் வரும். "சிஸ்டர், ஒரு நிமிஷம்" என்று சீட்டை நீட்டுவார்கள். காது வலி விஷயத்தில் அந்த ஒரு நிமிஷக் கேள்விகள் திரும்பத் திரும்ப ஒன்றாகவே இருக்கின்றன. அவற்றைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, பதிலையும் சேர்த்திருக்கிறேன்.

இங்கே பேசப்போவது பெரும்பாலும் ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்கு வரும் நடுக்காதுத் தொற்றைப் பற்றித்தான். இதைப் படித்துவிட்டு வீட்டிலேயே நோயைத் தீர்மானித்துவிட முடியாது. காதுக்குள் பார்த்தால்தான் தெரியும். ஆனால் எப்போது பொறுக்கலாம், எப்போது ஓட வேண்டும் என்பது தெரிந்திருந்தால் பாதிப் பதற்றம் குறையும்.

நேத்து வரைக்கும் வெறும் சளிதான் இருந்தது. திடீர்னு காதுக்கு எப்படிப் போச்சு?

மூக்கின் பின்பக்கத்திலிருந்து நடுக்காதுக்கு ஒரு மெல்லிய குழாய் போகிறது. ஊஸ்டேஷியன் குழாய் என்று பெயர். நடுக்காதுக்குள் காற்றை அனுப்புவதும், அங்கே ஊறும் நீரை மூக்குப் பக்கம் வடிப்பதும் அதன் வேலை. பெரியவர்களுக்கு அது சுமார் 35 மில்லிமீட்டர் நீளத்தில் நன்றாகச் சரிந்து இருக்கும். கைக்குழந்தைக்கு அதில் ஏறக்குறைய பாதி நீளம்தான். அதுவும் படுக்கை வசத்தில் கிடக்கும். சளி பிடித்தால் குழாயின் உள்சுவர் வீங்கி அடைத்துக்கொள்கிறது. வடிய வேண்டிய நீர் காதிலேயே தேங்குகிறது. மூக்கில் இருக்கும் கிருமிகளுக்கு அது வசதியான குட்டை.

அதனால்தான் சளி பிடித்து இரண்டு மூன்று நாள் கழித்துக் காது வலி ஆரம்பிக்கிறது. ஆறு மாதத்திலிருந்து இரண்டு வயதுக்குள் இது மிக அதிகம். குழந்தை வளர வளர குழாயும் நீண்டு சரிகிறது. தொல்லை தானாகவே குறைகிறது. காது நோய் என்று சொல்கிறோமே தவிர, கிருமி நுழைகிற வாசல் மூக்குதான். இந்த ஒரு விஷயம் பிடிபட்டுவிட்டால் கீழே இருக்கும் பாதிக் கேள்விகளுக்குப் பதில் நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

குளிப்பாட்டும்போது காதுல தண்ணி போயிடுச்சு. அதனாலதானே வந்தது?

இல்லை. வெளிக்காதுக்கும் நடுக்காதுக்கும் நடுவே செவிப்பறை என்ற சவ்வு கதவு மாதிரி மூடியிருக்கிறது. அது ஓட்டையில்லாமல் இருக்கும்வரை குளிக்கிற தண்ணீர் உள்ளே போகாது. குளிப்பாட்டியவரைத் திட்ட வேண்டாம். குளிர்காற்று பட்டதாலும் வருவதில்லை.

பேசவே தெரியாத குழந்தை. காதுதான் வலிக்குதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கறது?

ஒரே அறிகுறியை வைத்துச் சொல்ல முடியாது. சேர்த்துப் பார்க்க வேண்டும். சில நாளாகச் சளி, அதன் பிறகு புதிதாகக் காய்ச்சல். தூக்கி வைத்திருந்தால் ஓரளவு அமைதி, படுக்க வைத்த உடனே வீறிட்டு அழுகை. படுத்தால் காதுக்குள் அழுத்தம் கூடும் என்பதுதான் காரணம். பால் குடிக்க ஆசையாக வாயை வைத்துவிட்டு இரண்டு மடக்கில் உதறிவிட்டு அழும்; உறிஞ்சி விழுங்கும்போதும் அந்த அழுத்தம் மாறி வலிக்கும். இரவில் அடிக்கடி விழிப்பு, சில குழந்தைகளுக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. "தூக்கம், சாப்பாடு, விளையாட்டு மூன்றில் எது மாறியிருக்கிறது?" என்று கேட்பேன். மூன்றும் கெட்டிருந்தால் காதைப் பார்க்காமல் அனுப்ப மனம் வராது. காய்ச்சல் இல்லையே என்று மட்டும் விட்டுவிடக் கூடாது. நடுக்காதுத் தொற்று உள்ள குழந்தைகளில் கணிசமானவர்களுக்குக் காய்ச்சலே இருப்பதில்லை.

காதைப் பிடிச்சு இழுத்துக்கிட்டே இருக்கா. காய்ச்சல், சளி எதுவும் இல்லை. காட்டணுமா?

காதை இழுப்பது மட்டும்தான் அறிகுறி என்றால் பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. தூக்கம் வரும்போது, பல் முளைக்கும்போது, 'அட, இங்கே ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கிறதே' என்று புதிதாகக் கண்டுபிடிக்கும்போது எல்லாம் குழந்தைகள் காதைப் பிடிப்பார்கள். சிரித்துக்கொண்டே இழுத்தால் கவலை வேண்டாம். மேலே சொன்னவற்றில் ஒன்றிரண்டு சேர்ந்தால் காட்டுங்கள்.

ராத்திரி 2 மணிக்கு எழுந்து கத்துறான். விடியற வரைக்கும் என்ன பண்றது?

முதலில் வலியைக் குறையுங்கள். காது வலியில் முதல் மருந்து ஆன்டிபயாடிக் இல்லை, வலி மருந்துதான். ஆன்டிபயாடிக் கொடுத்தாலும் முதல் 24 மணி நேர வலிக்கு அது உதவாது. பாராசிட்டமால் குழந்தையின் எடையில் ஒரு கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம். 4 முதல் 6 மணி நேர இடைவெளி. ஒரு நாளைக்கு 4 தடவைக்கு மேல் கூடாது. 10 கிலோ குழந்தை என்றால் ஒரு தடவைக்கு 100 முதல் 150 மில்லிகிராம். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு மருத்துவரைக் கேட்காமல் கொடுக்க வேண்டாம்.

இங்கேதான் அடிக்கடி தப்பு நடக்கிறது, அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். பாராசிட்டமால் பல அடர்த்தியில் வருகிறது. ஒரு மில்லியில் 100 மில்லிகிராம் இருக்கும் சொட்டு மருந்து உண்டு. 5 மில்லியில் 120 மில்லிகிராம் உள்ள சிரப் உண்டு. 5 மில்லியில் 250 உள்ளதும் உண்டு. அதே 10 கிலோ குழந்தைக்கு முதலாவதில் 1 முதல் ஒன்றரை மில்லி போதும். இரண்டாவதில் 4 முதல் 6 மில்லி, மூன்றாவதில் 2 முதல் 3 மில்லி. "போன தடவை 5 மில்லி கொடுத்தோமே" என்று சொட்டு மருந்தை 5 மில்லி ஊற்றினால் மூன்று மடங்குக்கும் மேல் போய்விடும், கல்லீரலுக்கு ஆபத்து. பாட்டிலில் எழுதியிருப்பதைப் படியுங்கள், கூடவே வரும் அளவுக் குப்பி அல்லது ஊசியில்லாத சிரிஞ்சால் அளங்கள். சமையலறைக் கரண்டி அளவுகோல் ஆகாது. சளிக்குக் கொடுக்கும் கலவை சிரப்பிலும் பாராசிட்டமால் இருக்கலாம், அதையும் பாருங்கள்.

ஆறு மாதம் தாண்டிய குழந்தைக்கு ஐபுப்ரோஃபெனும் கொடுக்கலாம்: கிலோவுக்கு 5 முதல் 10 மில்லிகிராம், 6 முதல் 8 மணி நேர இடைவெளி. விடாத வாந்தி, நீர்ச்சத்துக் குறைவு, அம்மை இருந்தால் வேண்டாம். ஆஸ்பிரின் குழந்தைகளுக்குக் கூடவே கூடாது. மருந்து வேலை செய்ய அரை மணி, ஒரு மணி நேரம் ஆகும். அதுவரை தோளில் நிமிர்த்திப் போட்டுக்கொண்டு நடக்க வேண்டியதுதான். வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

வெதுவெதுப்பா எண்ணெய் ரெண்டு சொட்டு விடலாமா? தாய்ப்பால் விடச் சொல்றாங்களே?

இரண்டும் வேண்டாம். தொற்று சவ்வுக்கு அந்தப் பக்கம். நீங்கள் ஊற்றுவது இந்தப் பக்கத்தில் நின்றுவிடும். சவ்வில் ஓட்டை விழுந்திருந்தால் நேராக உள்ளே போய்விடும், அது இன்னும் மோசம். மருத்துவர் பார்க்கும்போது எண்ணெய் மறைத்துக்கொண்டு சவ்வே தெரியாமல் போவதும் உண்டு. வெதுவெதுப்பான துணியைக் காதுக்கு வெளியே ஒற்றி எடுப்பதில் தப்பில்லை.

டாக்டர் காதுக்குள்ள லைட் அடிச்சு ரெண்டு செகண்டுதான் பார்த்தார். அதுல என்ன தெரியும்?

சரியாகத் தெரிந்தால் இரண்டு நொடியே போதும். நல்ல செவிப்பறை முத்துபோல் சாம்பல் நிறத்தில், ஒளி ஊடுருவும்படி, லேசாக உள்வாங்கியிருக்கும். தொற்றில் பின்னால் சீழ் சேர்ந்து வெளிப்பக்கமாகப் புடைத்து, சிவந்தோ மஞ்சளாகவோ தெரியும். பார்க்க வேண்டியது அந்தப் புடைப்பைத்தான். வெறும் சிவப்பை வைத்து முடிவு செய்யக் கூடாது. ஐந்து நிமிடம் அழுத எந்தக் குழந்தைக்கும் சவ்வு சிவந்துதான் இருக்கும். சில மருத்துவர்கள் ஒரு சின்ன ரப்பர் பந்தால் காதுக்குள் காற்றை ஊதி, சவ்வு அசைகிறதா என்று பார்ப்பார்கள். பின்னால் நீர் இருந்தால் அசையாது.

நீங்கள் செய்யக்கூடிய உதவி, குழந்தையை மடியில் பக்கவாட்டில் உட்கார வைத்து ஒரு கையால் தலையையும் இன்னொரு கையால் கைகளையும் அணைத்துப் பிடிப்பது. அழுக்கு மறைக்குமே என்று வரும் வழியில் பட்ஸால் சுத்தம் செய்து கூட்டி வராதீர்கள். அது அழுக்கை இன்னும் உள்ளே தள்ளும்.

ஆன்டிபயாடிக் எழுதவே இல்லை. "ரெண்டு நாள் பாருங்க"ன்னு அனுப்பிட்டார். சரியான டாக்டர்தானா?

என்னிடம் மிக அதிகமாக வரும் கோபம் இதுதான். பெரும்பாலும் அவர் சரியாகத்தான் செய்திருக்கிறார். நடுக்காதுத் தொற்று நிறைய பேருக்குத் தானாகவே ஆறும். பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், ஆன்டிபயாடிக் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் 24 மணி நேரத்தில் சுமார் 60 சதவீதக் குழந்தைகளுக்கு வலி நின்றிருந்தது. இரண்டு மூன்று நாள் கழித்து ஒரே ஒரு குழந்தைக்குக் கூடுதலாக வலி நிற்க வேண்டுமானால் 20 குழந்தைகளுக்கு மருந்து கொடுக்க வேண்டும். ஆனால் 14 குழந்தைகளுக்குக் கொடுத்தால் ஒருவருக்கு அந்த மருந்தாலேயே வயிற்றுப்போக்கோ வாந்தியோ தடிப்போ வரும். வேண்டாத இடத்தில் கொடுக்கக் கொடுக்க, வேண்டிய இடத்தில் அந்த மருந்து வேலை செய்யாமல் போகிற தொல்லை வேறு.

எல்லோரையும் காத்திருக்க வைக்க மாட்டார்கள். ஆறு மாதத்துக்கு உட்பட்டவர்கள், 39 டிகிரி செல்சியஸோ அதற்கு மேலோ காய்ச்சல் உள்ளவர்கள், கடுமையான வலி அல்லது இரண்டு நாளுக்கு மேல் நீடிக்கும் வலி உள்ளவர்கள், காதில் சீழ் வடிபவர்கள், இரண்டு வயதுக்குள் இரண்டு காதிலும் தொற்று உள்ளவர்கள் ஆகியோருக்கு உடனே ஆன்டிபயாடிக் கொடுப்பதே வழக்கம். மற்றவர்களுக்கு 48 முதல் 72 மணி நேரம் பொறுத்துப் பார்க்கலாம். பொறுப்பது என்றால் சும்மா விடுவது இல்லை. வலி மருந்து தொடர வேண்டும். குறையவில்லை, கூடுகிறது என்றால் திரும்ப வர வேண்டும். திரும்ப வர வசதி இல்லாதவர்கள் அதை முதலிலேயே மருத்துவரிடம் சொல்லிவிடுவது நல்லது. முடிவு மாறலாம்.

அமாக்ஸிசிலின் கொடுத்தாங்க. மூணு நாள்லயே சரியாயிடுச்சு. நிறுத்திடலாமா?

எழுதிய நாட்கள்வரை கொடுங்கள். எத்தனை நாள் என்பதில் நாட்டுக்கு நாடு வழிகாட்டுதல் வேறுபடுகிறது. இரண்டு வயதுக்குக் கீழே 10 நாள், பெரிய குழந்தைகளுக்கு 5 முதல் 7 நாள் என்பது ஒரு பரவலான கணக்கு. சின்னக் குழந்தைகளுக்கு ஏன் நீளம் என்றால், 2016இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில் ஆறு மாதம் முதல் இரண்டு வயதுக்குள் இருந்தவர்களுக்கு 5 நாள் மருந்து 34 சதவீதம் பேரிடம் தோற்றது. 10 நாள் மருந்து 16 சதவீதம் பேரிடம்தான் தோற்றது.

அளவைப் பார்த்தும் சிலர் மிரள்கிறார்கள். காதுக்கு அமாக்ஸிசிலினை ஒரு நாளைக்குக் கிலோவுக்கு 80 முதல் 90 மில்லிகிராம் என்று உயர்ந்த அளவில் எழுதுவது உண்டு. நடுக்காதுக்குள் மருந்து போய்ச் சேர அது தேவைப்படுகிறது. எழுத்துப் பிழை என்று நீங்களே பாதியாகக் குறைத்துவிடாதீர்கள், சந்தேகம் இருந்தால் கேளுங்கள். மாறாக, ஆரம்பித்து 48 முதல் 72 மணி நேரம் ஆகியும் காய்ச்சலும் வலியும் அப்படியே இருந்தால் பாட்டில் தீரும்வரை காத்திருக்க வேண்டாம். மருந்தை மாற்ற வேண்டியிருக்கலாம்.

மருந்து ஆரம்பிச்சதும் வயித்தால போகுது, உடம்புல சிவப்பு சிவப்பா இருக்கு. ஒத்துக்கலையா?

லேசான வயிற்றுப்போக்கு சாதாரணம். பாலும் நீராகாரமும் கொடுத்துத் தொடரலாம். தடிப்பு விஷயத்தில் இரண்டு வகை உண்டு. மருந்து ஆரம்பித்துச் சில நாள் கழித்து, அரிப்பில்லாமல் தட்டையாகப் பரவும் சிவப்புப் புள்ளிகள் பல சமயம் கூட இருக்கும் வைரஸால் வருபவை. மருந்து கொடுத்த சிறிது நேரத்தில் அரிப்போடு தடித்துத் தடித்து வருவது, உதடு, முகம் வீங்குவது, மூச்சுத் திணறுவது ஒவ்வாமை. மருந்தை நிறுத்திவிட்டு உடனே ஓடுங்கள். எந்த வகையானாலும் அடுத்த வேளைக்கு முன் மருத்துவரிடம் காட்டுங்கள், ஒரு போட்டோவும் எடுத்து வையுங்கள். நீங்கள் வருவதற்குள் அது மறைந்துவிடும்.

வலி சட்டுனு நின்னுடுச்சு, ஆனா தலையணையில மஞ்சளா சீழ். காது போயிடுச்சா?

போகவில்லை. அழுத்தம் தாங்காமல் சவ்வில் ஒரு சின்ன ஓட்டை விழுந்து சீழ் வெளியே வந்திருக்கிறது. அதனால்தான் வலி நின்றது. பார்க்கப் பயமாக இருந்தாலும் இந்த ஓட்டை பெரும்பாலும் சில வாரங்களில் தானே மூடிக்கொள்ளும். ஆனால் அன்றோ மறுநாளோ கட்டாயம் காட்ட வேண்டும். சுத்தமான உறிஞ்சும் துணியைத் திரி போல் சுருட்டி, காது வாயில் வைத்து, நனைந்ததும் மாற்றிக்கொண்டே இருங்கள். பஞ்சை உள்ளே அடைத்து வைக்காதீர்கள். தண்ணீரைப் பற்றி முன்பு சொன்ன சலுகை இப்போது செல்லாது. கதவில் ஓட்டை இருக்கிறதே. மூடும்வரை குளிக்கும்போது காது நனையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், நீச்சல் கூடாது.

இரண்டு வாரத்துக்கு மேல் வடிந்துகொண்டே இருந்தால் அது நாள்பட்ட நோயாகிவிட்டது என்று எடுத்துக்கொண்டு காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போக வேண்டும். "வளர்ந்தா சரியாயிடும்" என்று வருடக்கணக்கில் விட்டு, செவித்திறனை இழந்த குழந்தைகளைப் பார்த்திருக்கிறேன்.

போன தடவை அண்ணனுக்கு வாங்கின காது சொட்டு மருந்து மிச்சம் இருக்கு. அதையே விடலாமா?

வேண்டாம். ஜென்டாமைசின், நியோமைசின் போன்றவை சேர்ந்த சொட்டுகள் ஓட்டை வழியாக உள்ளே போனால் கேட்கும் நரம்புச் செல்களையே கெடுக்கக்கூடும். ஓட்டை இருக்கும் காதுக்கு வேறு வகைச் சொட்டுகள் இருக்கின்றன. எதை விடலாம் என்பது காதைப் பார்த்தவருக்குத்தான் தெரியும்.

எல்லாம் சரியாச்சு. ஆனா கூப்பிட்டா திரும்ப மாட்டேங்கறான், டிவி சத்தத்தைக் கூட்டறான்.

தொற்று போனாலும் நீர் வடிய நாளாகும். ஒரு மாதம் கழித்துப் பார்த்தாலும் பத்தில் நான்கு குழந்தைகளுக்கு நடுக்காதில் நீர் இருக்கும். மூன்று மாதத்தில் அது 10 முதல் 25 சதவீதமாகக் குறைந்துவிடும். அதுவரை காதில் விரலை வைத்துக்கொண்டு கேட்பது மாதிரி மந்தமாகக் கேட்கும். வலியோ காய்ச்சலோ இருக்காது. இதற்கு ஆன்டிபயாடிக் தேவையில்லை. சளி மருந்துகளும் பயன்படாது. முகத்தைப் பார்த்துப் பக்கத்தில் இருந்து பேசுங்கள்.

மூன்று மாதத்துக்கு மேல் நீர் நின்றால் செவித்திறன் பரிசோதனை செய்ய வேண்டும். பேச்சு தாமதமாகும் குழந்தை, அண்ணப்பிளவு அல்லது டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தை என்றால் மூன்று மாதம்கூடக் காத்திருக்காமல் முன்பே காட்டுவது நல்லது.

இந்த வருஷத்துல இது அஞ்சாவது தடவை. காதுல குழாய் வைக்கணும்கறாங்க, வைக்கலாமா?

ஆறு மாதத்தில் மூன்று தடவை, அல்லது ஒரு வருடத்தில் நான்கு தடவை வந்தால் 'திரும்பத் திரும்ப வரும் தொற்று' என்பார்கள். குரோமெட் என்ற சின்னக் குழாயைச் செவிப்பறையில் பொருத்தினால் அது வழியாகக் காற்று உள்ளே போகும், நீர் வெளியே வரும். மூக்கிலிருந்து போகும் குழாய் செய்யாத வேலையை இது செய்கிறது. பெரும்பாலும் ஆறு மாதத்திலிருந்து ஒன்றரை வருடத்துக்குள் தானே விழுந்துவிடும்.

வைத்தே ஆக வேண்டுமா என்பதுதான் சிக்கல். ஒவ்வொரு தொற்றுக்கும் நடுவே நீர் முழுவதும் வடிந்து காது தெளிவாகிவிடுகிறதா என்று கேளுங்கள். தெளிவாகிறது என்றால் அவசரப்பட வேண்டாம். 2021இல் வெளிவந்த ஓர் ஆய்வில், மூன்று வயதுக்கு உட்பட்டவர்களில் குழாய் வைத்தவர்களுக்கும், வந்தபோது மட்டும் மருந்து கொடுக்கப்பட்டவர்களுக்கும் இரண்டு வருடத்தில் வந்த தொற்றுகள் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கைதான். நீர் வடியாமல் நின்று, கேட்பதும் குறைந்திருந்தால் குழாய் நல்ல பலன் தரும். ஐந்து தடவையும் காதைப் பார்த்துத்தான் சொன்னார்களா, சளிக்கு எழுதிய ஆன்டிபயாடிக்கும் கணக்கில் சேர்ந்துவிட்டதா என்பதையும் யோசியுங்கள்.

எதைப் பார்த்தா உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடணும்?

காதுக்குப் பின்னால் இருக்கும் எலும்பு மேல் வீக்கம், சிவப்பு, தொட்டால் வலி. காது மடல் முன்னால் தள்ளிக்கொண்டு நிற்பது. தொற்று எலும்புக்குள் போயிருக்கலாம். கழுத்து விறைப்பு, வலிப்பு, எழுப்பினாலும் எழாத மயக்கம், முகம் ஒரு பக்கம் கோணுவது, நடை தள்ளாடுவது, விடாத வாந்தி. மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 38 டிகிரி காய்ச்சல் என்றால் காது வலியோ இல்லையோ, உடனே. இவை அபூர்வம்தான். ஆனால் இவற்றுக்கு விடியட்டும் என்று பார்க்கக் கூடாது.

வராம தடுக்க ஏதாவது இருக்கா?

முழுக்கத் தடுக்க முடியாது, குறைக்கலாம். ஆறு மாதம்வரையாவது தாய்ப்பால். புட்டிப்பால் என்றால் தலையை உயர்த்திப் பிடித்துக் கொடுங்கள். மல்லாக்கப் படுக்க வைத்துப் புட்டியை முட்டுக்கொடுத்துவிட்டுப் போகாதீர்கள். ஆறு மாதத்துக்குப் பிறகு வாயில் சூப்பான் வேண்டாம். வீட்டில் யாரும் புகைக்கக் கூடாது. வாசலில் நின்று புகைத்துவிட்டு வந்து குழந்தையைத் தூக்குவதும் முழுப் பாதுகாப்பில்லை. நிமோகாக்கஸ் தடுப்பூசியையும் ஃப்ளூ தடுப்பூசியையும் தவறவிடாதீர்கள். காதுத் தொற்று ஒட்டாது, ஆனால் அதைக் கொண்டுவரும் சளி ஒட்டும். கை கழுவுவது அதனால்தான்.

அடுத்த வாரம் விமானத்துல போறோம். காதுல இன்னும் நீர் இருக்குன்னார். போகலாமா?

நீர் மட்டும் என்றால் பொதுவாகப் போகலாம். நடுக்காதில் காற்று இருக்கும்போதுதான் அழுத்த மாற்றம் அதிகம் வலிக்கும்; முழுக்க நீர் நிரம்பிய காது அவ்வளவு பாதிக்காது. கடுமையான மூக்கடைப்போ புதிதாக ஆரம்பித்த வலியோ இருந்தால் கிளம்பும் முன் ஒரு தடவை காதைக் காட்டிவிடுங்கள். விமானம் ஏறும்போதும் இறங்கும்போதும் பால் கொடுங்கள் அல்லது எதையாவது குடிக்க வையுங்கள். விழுங்கினால் மூக்கிலிருந்து காதுக்குப் போகும் ஊஸ்டேஷியன் குழாய் திறக்கும். இறங்குவதுதான் அதிகம் வலிக்கும், அது சக்கரம் தரையைத் தொடுவதற்கு அரை மணி நேரம் முன்பே ஆரம்பித்துவிடும். அப்போது குழந்தை தூங்கிக்கொண்டிருந்தால் எழுப்பிவிடுங்கள்.